பழைய பெட்டியும் புதிய ஒலிபெருக்கியும்

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில், பிள்ளைகளோ உடன்பிறந்தாரோ கடல் கடந்து வாழும் வீடுகள் பல. விடுமுறைக்கு வரும் உறவினர் கொண்டுவரும் பொருள்களுள் கம்பியில்லா ஒலிபெருக்கியும் ஒன்றாகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒன்று வீட்டில் ஏற்கெனவே இருக்கும். அதனினும் மூத்த வானொலிப் பெட்டி அலுமாரியின்மேல் துணி போர்த்தபடி இருக்கும். இவை ஒன்றோடொன்று இசையுமா, அன்றிப் பழையனவற்றை எறிந்துவிட வேண்டியதுதானா என்பது அப்பொழுது எழும் வினா. விற்பவர் சொல்லும் விடை யாவரும் அறிந்ததே. அது எப்பொழுதும் சரியான விடையன்று.

உண்மையில் இங்கு இரண்டு வினாக்கள் கலந்து கிடக்கின்றன. பழைய கருவி இன்றைய கைத்தொலைபேசியிலிருந்து வரும் ஒலியை ஏற்குமா என்பது ஒன்று. பழைய ஒலிபெருக்கியும் புதியதும் ஒன்றுசேர்ந்து ஒரே பாட்டை ஒலிக்குமா என்பது மற்றொன்று. முன்னதற்குப் பெரும்பாலும் ஆம் என்றும், பின்னதற்குப் பெரும்பாலும் இல்லை என்றும் விடை கூறலாம். ஏன் இவ்வேறுபாடு?

வானொலிக்கு இச்சிக்கல் புதிதன்று. இலங்கையில் ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இல் திறக்கப்பெற்றது. மின்சாரம் எட்டாத இடங்களில் உலர்மின்கலத்தால் இயங்கும் வால்வுப் பெட்டிகள் பயன்பட்டன. மத்திய அலை உப்பு நீரின்மீது, வறண்ட நிலத்தைக் காட்டிலும் வலி குன்றாமற் செல்லும். உப்பு நீர் மின்னை நன்கு கடத்துவதே காரணம். திருச்சிராப்பள்ளியின் குரல் யாழ்ப்பாணப் பகுதியில் தெளிவாகக் கேட்டதற்குக் கடலும் ஒரு துணை. பின்னர்ப் பண்பலை வந்தபொழுது அப்பெட்டிகளால் அதனை ஏற்க முடியவில்லை. அலையின் நீளமும் வேறு, ஒலியை அலையில் ஏற்றும் முறையும் வேறு.

ஆயினும் பண்பலைக்குள்ளேயே பிறிதொரு மாற்றம் நேர்ந்தபொழுது பொறியியலாளர் வேறு வழியை நாடினர். இடச்செவிக்கும் வலச்செவிக்கும் தனித்தனி ஒலி அனுப்பும் முறையை அமெரிக்கா 1961இல் ஏற்றுக்கொண்டது. இரண்டையும் தனித்தனியே அனுப்பினால், ஒரே ஒலிபெருக்கியுடைய பழைய பெட்டிக்குப் பாதிப் பாட்டே கிடைக்கும். எனவே இடமும் வலமும் கூட்டிய தொகையை வழக்கமான இடத்தில் வைத்தனர். இடத்திலிருந்து வலத்தைக் கழித்த வேறுபாட்டை, செவிக்கு எட்டாத உயர்ந்த அதிர்வில் மறைத்து அனுப்பினர். 19,000 அதிர்வுகொண்ட மெல்லிய வழிகாட்டி ஒலியொன்றும் உடன் சென்றது. பழைய பெட்டி தொகையை மட்டும் எடுத்து முழுப்பாட்டையும் ஒலித்தது; புதிய பெட்டி வழிகாட்டியைக் கண்டு, தொகையையும் வேறுபாட்டையும் கூட்டியும் கழித்தும் இரு ஒலிகளையும் மீட்டது. ஒருவரும் தம் பெட்டியை எறிய நேரவில்லை. பொறியியலில் இதனினும் பண்பான செயல் அரிது.

புளூடூத் முறை தொடக்கத்தில் இவ்வழியையே பின்பற்றியது. அதன் முதல் விதிநூல் 1999இல் வெளிவந்தது. 2003இல் இசையை அனுப்பும் விதி வகுக்கப்பட்டபொழுது, ஒலியைச் சுருக்குவதற்கு எஸ்பிசி என்னும் முறையை எல்லாக் கருவிகளும் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும் என்றனர். அதனால் பத்தாண்டுப் பழைய ஒலிபெருக்கியும் இன்றைய கைத்தொலைபேசியும் பேசிக்கொள்ளப் பொதுமொழி ஒன்று உண்டு. பெட்டியின்மேல் 4.2 என்றோ 5.3 என்றோ காணும் எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

2020இல் அறிவிக்கப்பட்ட எல்ஈ ஓடியோ என்னும் முறையோ வேறு மொழி பேசுவது. எனினும் இன்று விற்கப்படும் ஒலிபெருக்கிகளுட் பல இரு மொழிகளையும் அறிந்தவை; ஆகவே பழைய கைத்தொலைபேசி உடையாரும் கவலைகொள்ள வேண்டாம்.

ஒலிபெருக்கிகளைத் தம்முள் இணைக்கும் கலையே சிக்கலானது. அதற்கு நெடுங்காலம் பொதுவிதி இருந்ததில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறை வகுத்தது. ஜேபிஎல் நிறுவனத்தின் கனெக்ட் பிளஸ் ஒலிபெருக்கி, அதே நிறுவனத்தின் பார்ட்டிபூஸ்ட் ஒலிபெருக்கியோடு இணையாது. அதன் பின் வந்த ஆராகாஸ்ட் வகை, பார்ட்டிபூஸ்டோடு இணையாது. சோனோஸ் நிறுவனமும் 2020இல் தன் கருவிகளை இரு குடும்பங்களாகப் பிரித்தது. ஒரே பெயர் பொறித்திருப்பதால் இணையும் என்று நம்பி இரண்டாவதை வாங்குவோர் ஏமாறுவது இவ்விடத்திலேதான். பெயரைப் பாராது, இணைக்கும் முறையின் பெயரைக் கேட்டே வாங்குதல் வேண்டும்.

பழையதைப் பயன்படுத்த எளிய வழி கம்பியே. 3.5 மில்லிமீற்றர்த் துளையுள்ள ஒலிபெருக்கியில் மலிவான புளூடூத் ஏற்பியைச் செருகினால் போதும். ஆனால் புதிய சிறு ஒலிபெருக்கிகள் பலவற்றில் அத்துளையை நீக்கிவிட்டனர். வாங்குமுன் பார்த்துக்கொள்வது நன்று. அலுமாரியின்மேல் இருக்கும் வால்வுப் பெட்டியும் பயனற்றதன்று. அவற்றுட் பலவற்றின் பின்புறம் கிராமபோனை இணைப்பதற்கென இரு துளைகள் உண்டு. இட, வல ஒலிகளைச் சிறு மின்தடைகளின் வழியே ஒன்றாக்கி அவற்றுட் செலுத்தினால் அது நன்றாகவே பாடும். ஓர் எச்சரிக்கை: மின்மாற்றி இல்லாத சில பழைய பெட்டிகளின் உலோகச் சட்டம் நேரே மின்கம்பியோடு தொடர்புடையது. தொட்டால் உயிருக்கே ஆபத்து. பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் அவற்றைத் தொடுதல் ஆகாது.

ஒன்றைக் கம்பியாலும் மற்றொன்றைக் கம்பியின்றியும் ஒருங்கே இயக்குவோர்க்கு எதிரொலி போன்ற குழப்பம் கேட்கும். புளூடூத் ஒலியைச் சுருக்கி விரிக்க நொடியின் பத்திலொரு பங்கோ அதனினும் மிகுதியோ எடுக்கும். அந்நேரத்தில் ஒலி காற்றில் 34 மீற்றர் சென்றுவிடும். ஒன்றை விறாந்தையிலும் மற்றதைக் கிணற்றடியிலும் வைத்துத் தனித்தனியே கேட்பதே இதற்கு வழி. அப்பொழுதும் சாதாரணக் கருவிகளுக்கு 10 மீற்றரே எல்லை. நெடுந்தீவின் முருகைக்கல் மதில் இடையே நின்றால் அதுவும் குறையும்.