புகைப் பரிசோதனையில் தவறும் பழைய வான்

நிலத்தை விட்டு வந்த குடும்பங்களுக்குப் பழைய வான் ஒன்றே பெரிய முதலாக இருப்பதுண்டு. குண்டசாலை, திகனப் பக்கத்திலிருந்து மரக்கறியைக் கண்டிச் சந்தைக்குக் கொண்டு செல்ல அதுவே துணை. 2008ஆம் ஆண்டு தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனைத் திட்டத்தின்படி, புகைச் சான்றிதழ் இன்றி வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது. ஆகவே பரிசோதனையில் தவறினால் வான் மட்டுமல்ல, வீட்டு வருமானமும் நின்றுவிடும்.

இந்நிலையில் பலரும் முதலில் கேட்பது, "சென்சரை மாற்ற வேண்டுமாமே, உண்மையா?" என்பதுதான். மாற்றுமுன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே எமது பதில்.

ஒட்சிசன் சென்சர் என்பது என்ன? பெற்றோலை ஊசிமூலம் செலுத்தும் யப்பானிய வான்களில், புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கும் சிறு பாகம் அது. புகையில் மிஞ்சும் ஒட்சிசனை அறிந்து, பெற்றோல் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று எஞ்சினின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்கிறது. 1 கிராம் பெற்றோலுக்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று என்பதே சரியான அளவு. சென்சர் பிழையாகச் சொன்னால் பெற்றோல் வீணாகும். காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் கூடும். பரிசோதனையில் அளக்கப்படுபவையும் இவையே. பழைய டீசல் வாகனங்களில் இச்சென்சர் இல்லை. அவற்றின் கரும்புகைக்குக் காற்று வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும்.

சோதிக்கும் முறை இது. முதலில் காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக், வெடித்த றப்பர்க் குழாய்கள், புகைக்குழாய்க் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். சென்சருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உட்புகும்; நல்ல சென்சரும் பொய் சொல்லும்.

பின்னர் எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் சூட்டுக்குப் பிறகே சென்சர் வேலை செய்யும். டிஜிற்றல் மல்டிமீற்றரை 2 வோல்ற் அளவில் வைத்து, சமிக்ஞை வயரில் அளவெடுங்கள். வயர்களின் நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறும். மெக்கானிக்கிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

அளவு 0.1க்கும் 0.9க்கும் இடையே விரைவாக ஏறி இறங்கினால் சென்சர் நல்லது, கோளாறு வேறிடத்தில். 0.9 அருகே நின்றுவிட்டால், சிறு வெற்றிடக் குழாய் ஒன்றைக் கழற்றுங்கள். அளவு இறங்கினால் சென்சர் உயிரோடு இருக்கிறது, பெற்றோல்தான் அதிகம் பாய்கிறது. 0.1 அருகே நின்றால், ஆக்சிலேற்றரைச் சட்டென மிதியுங்கள். அளவு உயர்ந்தால் சென்சர் பிழையில்லை. காற்றுக் கசிவைத் தேடுங்கள். எதற்கும் அசையாவிட்டால் வயர், இணைப்பு, பியூஸ் மூன்றையும் பார்த்த பின்னரே சென்சரை மாற்றலாம். மூன்று, நான்கு வயர் உள்ள சென்சரில் சூடாக்கும் கம்பி அறுந்திருந்தாலும் இப்படியே நடக்கும்.

மாற்றும்போது, சூடு ஆறிய பின் 22 மில்லிமீற்றர் ஸ்பனரால் கழற்றுங்கள். பழைய சென்சரின் நுனி கருமையாக இருந்தால் பெற்றோல் அதிகம்; வெண்பொடி படிந்திருந்தால் றேடியேற்றர் நீரோ சிலிக்கன் பசையோ உட்சென்றிருக்கலாம். அக்காரணத்தைத் தீர்க்காவிட்டால் புதியதும் கெடும். புதியதன் நுனியில் கிறீஸ் படக்கூடாது.

"வயரை வெட்டிவிட்டால் சரி" என்பவரை நம்ப வேண்டாம். பெட்டி கண்மூடித்தனமாகப் பெற்றோல் ஊற்றும். சேமிப்பு டாங்கியிலேயே கரையும். பெற்றோலில் மண்ணெண்ணெய் கலப்பதும் அப்படியே.

ஒரு மல்டிமீற்றர் ஐந்தாறு குடும்பங்களுக்குப் போதும். கூட்டாக வாங்கி, ஒருவர் கற்று மற்றவருக்குக் காட்டினால், தேவையற்ற பாகத்துக்குச் செலவாகும் பணம் விதைக்கும் பிள்ளைகளின் கொப்பிக்கும் மிஞ்சும்.