சோளனைத் தின்றது எது?

காலையில் சோளன் சாய்ந்து கிடந்தால், "பன்றிதான்" என்று முடிவுகட்டி விடுகிறோம். கல்முனைக்குத் தென்மேற்கே, சம்மாந்துறை, இறக்காமம் பக்கத்து வளவுகளுக்கு வரும் பிராணிகளோ பல. ஆகவே முதலில் அடையாளம் பார்ப்போம்.

இரட்டைக் குளம்புத் தடமும் கிளறிய மண்ணும் இருந்தால் காட்டுப்பன்றி. தண்டின் அடியில் உளியால் செதுக்கியது போன்ற பல்தடம் இருந்தால் முள்ளம்பன்றி. செடி நிற்க, பொத்தியின் நுனி மட்டும் கிழிந்திருந்தால் கிளி அல்லது அணில். பொத்தியை முறித்துப் பாதி தின்று வேலியடியில் போட்டிருந்தால் குரங்கு. தடம் தெளிவில்லையா? மாலையில் வேலியோரம் மணல் பரப்பி, சுபஹுத் தொழுகைக்குப் பின் பார்க்கலாம்.

இன்னதென்று அறியாமல் வெடி வைக்கவோ மின்கம்பி இழுக்கவோ வேண்டாம். பன்றிக்கென வைத்த 'ஹக்க பட்டாஸ்' வெடி நம் நாட்டில் யானைகளைக் கொன்றிருக்கிறது. மின்கம்பி மனித உயிரையும் பறித்திருக்கிறது. கிளிக்குப் பொத்தியின் மயிர் காய்ந்ததும் கடதாசிப் பை கட்டினாலே போதும்.