ராத்திரிச் சாப்பாடும் லிச்சிப் பழமும்



லிச்சிப் பழம் பார்த்திருக்கிறீர்களா? நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். குற்றாலம் சீசனில் விற்கிற ரம்புட்டானுக்கு அது சொந்தக்காரப் பழம். நம்ம ஊர் பூந்திக்கொட்டை, முடக்கத்தான்கூட அதே குடும்பம்தான்!

பீகார் மாநிலம் முசாபர்பூர் லிச்சித் தோப்புகளுக்குப் பேர்போன ஊர். அங்கே 1995-லிருந்து மே, ஜூன் மாதங்களில் ஒரு நோய் வர ஆரம்பித்தது. ராத்திரி நல்லா விளையாடிட்டுத் தூங்கின பிள்ளை விடியற்காலையில் அலறிக்கொண்டு எழும். உடனே வலிப்பு, அப்புறம் நினைவே இருக்காது. நிறைய பிள்ளைகள் இறந்துபோனார்கள். மழை பிடித்ததும் நோய் நின்றுவிடும். ஊர்க்காரர்கள் இதைச் 'சம்கி' காய்ச்சல் என்றார்கள்.

கொசு பரப்பும் மூளைக்காய்ச்சல் என்றார்கள் சிலர். வெயில் என்றார்கள், தோப்பில் அடிக்கிற பூச்சிமருந்து என்றார்கள். ஆனால் தொற்றுநோய் என்றால் பக்கத்து வீட்டுக்கும் பரவணுமே? இங்கே பெரும்பாலும் ஒரு கிராமத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் வந்தது. கூடப்பிறந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதிப் பேருக்கு மேல் காய்ச்சலே இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்த கிருமியியல் நிபுணர் டாக்டர் ஜேக்கப் ஜானும் இதை ஆராய்ந்தார். ரத்தத்தில் சர்க்கரை குறைவதுதான் காரணமாக இருக்கும் என்று அவரும் இன்னொரு டாக்டரும் 2014-ல் எழுதினார்கள்.

அதே 2014-ல் இந்திய, அமெரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்து பெரிய ஆய்வு செய்தார்கள். அந்த வருஷம் இரண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த பிள்ளைகள் 390 பேர். அதில் 122 பேர் பிழைக்கவில்லை. எழுதும்போதே கஷ்டமா இருக்கு. இந்த நோய் வந்த 104 பிள்ளைகளையும் வராத 104 பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோய் வந்தவர்களில் லிச்சி சாப்பிட்டவர்கள் அதிகம். ராத்திரிச் சாப்பாடு சாப்பிடாதவர்களும் அதிகம். 73 பேரின் சிறுநீரைச் சோதித்ததில் 48 பேருக்கு லிச்சியில் உள்ள நச்சின் அடையாளம் இருந்தது. கிருமியோ பூச்சிமருந்தோ காரணம் என்று தெரியவில்லை.

அது எப்படி வேலை செய்கிறது? நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேணும். கல்லீரல் சேமித்து வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். பட்டினியாகப் படுத்த சின்னப் பிள்ளைக்கு, அதுவும் சத்துக்குறைவான பிள்ளைக்கு, அது விடியறதுக்குள்ளே தீர்ந்துவிடும். அப்போது உடம்பு கொழுப்பை எரித்துப் புதிதாகச் சர்க்கரை செய்யணும். லிச்சியில் உள்ள ஹைப்போகிளைசின், எம்.சி.பி.ஜி. என்ற இரண்டு பொருட்களும் அந்த வேலையைத் தடுத்துவிடுகின்றன. காயாக உள்ள லிச்சியில் இவை இன்னும் அதிகம். லிச்சி விதையில் எம்.சி.பி.ஜி. இருப்பதை 1962-லேயே கண்டுபிடித்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

பழத்தின் மேல் மட்டும் பழி போடுவது சரியில்லை என்று நினைக்கிறேன். வயிறார சாப்பிடுகிற பிள்ளைகளும் அதே லிச்சியைத் தின்றார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே!

வலிப்பு வந்த சில மணி நேரத்துக்குள் குளுக்கோஸ் ஏற்றினால் பிள்ளையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். ராத்திரி சாப்பாடு கொடுத்துத்தான் படுக்க வைக்கணும் என்று கிராமங்களில் சொல்லி வந்தார்கள். அடுத்த வருஷங்களில் நோய் குறைந்தது. ஆனால் 2019 ஜூன் மாதம் கடும் வெயிலில் மறுபடியும் வந்து, முசாபர்பூரில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள்.