மெட்டைத் தேடி

மேல்நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் இசைக்குறிப்பு ஏட்டையும் அதன் ஒலிப்பதிவையும் ஒரே பட்டியலிற் கண்டெடுக்கலாம். நமது கூத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை, நேயர்களே.

கதிரவெளி மாணவி ஒருத்தி தென்மோடிக் கூத்துப் பாடலொன்றைத் தேடி, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘இசை’ என்று தேடினால் பெரும்பாலும் கர்நாடக சங்கீத நூல்களே கைக்கு வரும். நாடகம், நாட்டாரியல் என்ற பகுதிகளைப் பார்க்கவேண்டும். கூத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்து 1962இல் வெளிவந்த ‘அலங்காரரூபன் நாடகம்’ தென்மோடிக் கூத்துத்தான். பேராசிரியர் சி. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ 1998இல் நூலாயிற்று. அச்சேறாத ஆய்வேடுகளையும் நூலகரிடம் கேட்கவேண்டும். எந்த ஊரில், எந்த அண்ணாவியாரிடம் பாடல் பதியப்பட்டது என்பதை அவற்றின் பின்னிணைப்புகளே பெரும்பாலும் சொல்லும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தையும் பார்க்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு சங்கடம். ஏட்டிலே தருவும் விருத்தமும் இருக்கும், மெட்டு இராது. அது அண்ணாவியாரின் தொண்டையில் அல்லவா இருக்கிறது! பழைய நாடாக்களிலோ மெட்டு இருக்கும். எந்தக் கூத்து, எவர் பாடியது என்ற குறிப்பு இராது. மெட்டில்லாத தருவை வகுப்பில் வாசித்துக் காட்டி நானே வெட்கப்பட்டிருக்கிறேன்.

ஆகவே பாட்டைப் பிரதிபண்ணிக்கொண்டு அண்ணாவியாரிடம் போங்கள். பதிவின் தொடக்கத்திலே கூத்தின் பெயர், ஊர், திகதி மூன்றையும் வாயாற் சொல்லுங்கள். 2004இல் கடல் கதிரவெளிக்குள் வந்ததை நாம் மறக்கவில்லை. ஒரு பிரதி வீட்டில் இருந்தால் மற்றொன்று நூலகத்தில் இருக்கட்டும்.