எண்ணா? முகவரியா?

உங்கள் நண்பர் ஒரு துண்டுத் தாளைத் தருகிறார். அதில் '32' என்று மட்டும் எழுதியிருக்கிறது. அது 32 வெள்ளியா? 32ஆம் எண் வீடா? வேறு குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் உங்களால் சொல்ல முடியாது. கணினிக்குக் கட்டளை எழுதும்போதும் இதே ஐயம் எழுகிறது.

1975ஆம் ஆண்டு வெளிவந்த 6502 என்னும் நுண்செயலியை எடுத்துக்கொள்வோம். 1977இல் விற்பனைக்கு வந்த 'ஆப்பிள் 2' கணினி இதைக் கொண்டே இயங்கியது. இச்செயலியால் 65,536 நினைவக இடங்களைக் கையாள முடியும். வீட்டு எண்ணைப்போல, ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு முகவரி உண்டு. ஒவ்வோர் இடத்திலும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணைச் சேமிக்கலாம்.

இச்செயலிக்கு அசெம்பிளி மொழியில் கட்டளைகளை எழுதலாம். 'எல்டிஏ' என்பது ஓர் எண்ணைச் செயலிக்குள் ஏற்றும் கட்டளை. 'எல்டிஏ #32' என்று எழுதினால், 32 என்னும் எண்ணே ஏற்றப்படும். 'எல்டிஏ 32' என்று எழுதினால், செயலி 32ஆம் முகவரியில் உள்ள எண்ணை எடுத்துவரும். அங்கே 7 இருந்தால், 7தான் கிடைக்கும்.

சில கட்டளைகளில் '$' குறியும் வரும். அது இங்கே பணத்தைக் குறிப்பதில்லை. அடுத்து வருவது பதினாறடிமான எண் என்பதைக் காட்டுகிறது. நாம் பத்துப் பத்தாக எண்ணுவதுபோல, இம்முறையில் பதினாறு பதினாறாக எண்ணுவர். ஆகவே, '$20' என்பது இரண்டு பதினாறுகள், அதாவது 32. இம்முறையில் 255ஐ இரண்டு இலக்கங்களிலும், மிகப் பெரிய முகவரியான 65,535ஐ நான்கு இலக்கங்களிலும் எழுதிவிடலாம். இந்த வசதிக்காகவே நிரலர்கள் இதைப் பயன்படுத்துகின்றனர்.

'#' குறியை எழுத மறந்தால் என்ன ஆகும்? அசெம்பிளர் என்னும் மென்பொருள், நாம் எழுதும் கட்டளைகளை எண்களாக மாற்றிச் செயலிக்குத் தருகிறது. 'எல்டிஏ #32' என்பது '169, 32' என மாறும். 'எல்டிஏ 32' என்பது '165, 32' என மாறும். இரண்டுமே சரியான கட்டளைகள். அதனால், பிழை நேர்ந்ததாக எந்த எச்சரிக்கையும் வராது. நிரல் தொடர்ந்து ஓடும். ஆனால், தவறான விடையைத் தரும். அப்பிழையை எழுதியவரே வரி வரியாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

நம் மனத்தில் உள்ளதைக் கணினி அறியாது. எனவே, நாம் சொல்ல விரும்புவது எண்ணா, முகவரியா என்பதைத் தெளிவாக எழுதுவது நம் பொறுப்பே.