கைக்கருவிகளின் விலையை ஒப்பிட்டு வாங்கும் முறை

நுவரெலியா, அட்டன் முதலிய மலைநாட்டுப் பகுதிகளில் நீர்ப்பம்பி, மருந்தடிக்கும் யந்திரம், புல் வெட்டும் யந்திரம் ஆகியவற்றை உபயோகிக்கும் தோட்டக்காரர் பலர். இவற்றைத் திருத்தும் வேலையை லயங்களில் வாழும் இளைஞர் சிலர் தொழிலாகக் கொண்டுள்ளனர். காய்கறிச் செய்கையாளர் பலர் சிறு பழுதுகளைத் தாமே பார்த்துக்கொள்கின்றனர். இவ்விரு சாராரும் ஸ்பனர் வாங்கக் கடைக்குச் செல்லும்போது ஒரே விதமான மயக்கத்துக்கு உள்ளாகின்றனர். பார்வைக்கு ஒன்றுபோல் மினுங்கும் இரண்டு தொகுதிகளுள் ஒன்றின் விலை மற்றொன்றின் விலையைப் போல் நான்கு மடங்காய் இருப்பதேன் என்பதே அம்மயக்கம்.

மினுக்கத்தைக் கொண்டு இதற்கு விடை காண முடியாது. கருவியின் மேல் காணப்படும் வெண்ணிறப் பளபளப்பு துருப் பிடியாதிருக்கும் பொருட்டு இடப்பட்ட மெல்லிய குரோம் பூச்சேயாகும். உள்ளிருக்கும் உருக்கு எத்தகையது என்பதை அது காட்டாது. உருக்குடன் சிறிதளவு குரோமியமும் வனேடியமும் சேர்த்து, சம்மட்டியால் அச்சில் அடித்து உருவாக்கி, பின்னர் முறைப்படி சூடேற்றிக் குளிர்வித்த ஸ்பனரின் வாய், பலத்த இழுப்பிலும் எளிதில் விரிவதில்லை. தரக்குறைவான உருக்காலான ஸ்பனரின் வாயோ சில மாதங்களில் விரிந்துவிடும். விரிந்த வாய் நட்டின் மூலைகளை மழுக்கும். கருவிக்கு நேரும் நட்டத்தைவிட இதனால் நேரும் நட்டம் பெரிது. மழைகுறைந்த சனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில், லீக்ஸும் கிழங்கும் நீரை எதிர்நோக்கி நிற்கையில், பம்பியின் சிலிண்டர் தலையிலுள்ள ஒரு நட்டு மழுங்கிப்போனால், அதனை உளியால் வெட்டியெடுத்துப் புதிய போல்ட் தேடும்வரை பாத்தி வாடும்.

ஆகையால் முதலில் ஒப்பிட வேண்டியது அளவுகளையே ஆகும். கடைகளில் பன்னிரண்டு ஸ்பனர் கொண்ட தொகுதி ஒன்றாகவே விற்கப்படுவதுண்டு. 6 மி.மீ. தொடங்கி 32 மி.மீ. வரை அதில் அடங்கும். சிறிய பெற்றோல் யந்திரங்களுள் ஜப்பானிய முறையைப் பின்பற்றியவற்றில் 10, 12, 14, 17 மி.மீ. நட்டுகளே பெரும்பாலும் காணப்படுகின்றன. ஐரோப்பிய முறையில் ஆக்கப்பட்டவற்றில் 10, 13, 17, 19 மி.மீ. வழங்குகின்றன. 10க்கு 11, 12க்கு 13, 14க்கு 15, 16க்கு 17, 18க்கு 19 எனும் ஐந்து இருமுனை ஸ்பனர்கள் இருப்பின் இவ்விரு வகையும் அடங்கிவிடும். எஞ்சிய ஏழும் பெட்டியில் உறங்குவனவே.

இதனைக் கணக்கில் பார்க்கலாம். தொகுதியின் விலை 6000 ரூபா என உதாரணத்துக்குக் கொள்வோம். பன்னிரண்டால் வகுத்தால் ஒன்றின் விலை 500 ரூபா என்று தோன்றும். ஆனால் உண்மையில் கைக்கு வரும் ஐந்தால் வகுத்தாலோ ஒன்று 1200 ரூபாவாகும். நல்ல உருக்காலான தனி ஸ்பனர் ஒவ்வொன்றும் 900 ரூபா வீதம் கிடைப்பின் ஐந்துக்கு 4500 ரூபாவே செலவு. மலிவு என்று எண்ணி வாங்கிய தொகுதியே இங்கு விலை கூடியதாகின்றது. கைப்பணம் குறைவாயின், அடிக்கடி உபயோகப்படும் இரண்டொரு அளவுகளை மட்டும் வளைய ஸ்பனராக வாங்குதல் நன்று. அது நட்டின் ஆறு மூலைகளையும் சூழ்ந்து பிடிப்பதாலும், திறந்த வாய் ஸ்பனர் எதிரெதிரான இரண்டு பக்கங்களை மட்டுமே பற்றுவதாலும், நட்டு மழுங்கும் அபாயம் முன்னதில் குறைவு.

கடைக்குச் செல்வோர் புதிய போல்ட் ஒன்றை நட்டுடன் சட்டைப்பையில் கொண்டுசெல்லலாம். ஸ்பனரை அதில் மாட்டி மெல்ல அசைத்துப் பார்த்தால் பிடிப்பின் தரம் உடனே புலப்படும். அரத்தால் உராய்ந்து பார்ப்பதே உறுதியான சோதனையெனினும் அதற்குச் சம்மதிக்கும் கடைக்காரர் அரியர்.

தொழில்முறைத் திருத்துனர்க்கென அமெரிக்காவில் ஆக்கப்படும் ஸ்னாப்-ஆன் போன்ற கருவிகளின் விலை மிக உயர்ந்தது. 1920இல் தோன்றிய அந்நிறுவனம் வண்டிகள் மூலம் பட்டறை வாசலுக்கே கருவிகளைக் கொண்டுசென்று விற்கும் முறையால் பெயர் பெற்றது. உடைந்த கருவியை மாற்றித் தரும் வசதியும் அவ்விலையில் ஒரு பகுதியாகும். அத்தகைய வண்டி வாராத தோட்டத்தில் இருப்பவருக்கு அவ்வசதி எட்டாது. எனவே உத்தரவாதம் உண்டு என்று கூறப்படுமிடத்து, மாற்றித் தருவது யார், எந்த ஊரில் என்று கேட்டறிந்த பின்னரே அதற்கு விலை மதிக்க வேண்டும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்திருப்பதால் அங்கு விலை குறையக்கூடும் என்று அட்டனிலிருந்து செல்வோருண்டு. பயணச் செலவையும் இழக்கும் நாட்சம்பளத்தையும் அவ்விலையுடன் கூட்டிப் பார்த்தல் அவசியம். ஒரே ஸ்பனருக்காகச் செல்லுதல் நட்டமே. பலர் சேர்ந்து ஒருவரை அனுப்பினால் இலாபமுண்டு. குழாய் ரெஞ்ச், கப்பி கழற்றும் கருவி முதலிய எப்போதாவது வேண்டப்படுவனவற்றை ஒரு லயத்தார் பொதுவில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பழைய விலையோடு புதிய விலையை ஒப்பிடுவோர் நாணயப் பெறுமதியையும் கவனிக்க வேண்டும். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் சுமார் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதிக் கருவியின் விலை இதனால் மட்டுமே ஏறத்தாழ எண்பது வீதம் உயர இடமுண்டாயிற்று. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளமோ 2021இல் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டு, 2024இலேயே 1350 ரூபாவாயிற்று. ஆகலின் ஒரு கருவி எத்தனை நாட் சம்பளத்துக்குச் சமம் என்று எண்ணிப் பார்ப்பதே ரூபாக் கணக்கிலும் தெளிவானது.

தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிட்டர்மாருக்கு வேறொரு சிக்கலுண்டு. பெல்பாஸ்ட் நகரில் ஆக்கப்பட்ட சிரொக்கோ உலர்த்தி போன்ற பழைய பிரித்தானிய யந்திரங்களில் விட்வேர்த் புரிகளே உள்ளன. 1841இல் வகுக்கப்பட்ட இம்முறையில், ஸ்பனரின் மேல் பொறிக்கப்படும் எண் நட்டின் அகலத்தையன்றிப் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும். 1/4 அங்குல விட்வேர்த் நட்டின் அகலம் 13.3 மி.மீ.; 13 மி.மீ. ஸ்பனர் அதில் ஏறாது, 14 மி.மீ. ஸ்பனர் தளர்ந்து நிற்கும். 1/2 அங்குலத்துக்குரிய அகலம் 23.4 மி.மீ. ஆதலால் 24 மி.மீ. ஸ்பனரும் அதற்குத் தளர்வே. 3/8 அங்குல நட்டு 18 மி.மீ. ஸ்பனருக்கு ஏறத்தாழப் பொருந்தும். விலையுயர்ந்த மில்லிமீட்டர்த் தொகுதியாயினும் பொருந்தாத அளவுகளுக்கு அது உதவாது. பழைய இரும்புக் கடைகளில் விட்வேர்த் ஸ்பனர் கிடைக்குமாயின் அதனை வாங்கலாம். துரு ஏறியிருத்தல் குற்றமன்று. மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் இளகிவிடும். ஆனால் வாய் விரிந்ததையும், சாணைக்கல்லில் வாயைத் தேய்த்து அகலமாக்கிய தடமுள்ளதையும் எந்த விலைக்கும் வாங்குதல் கூடாது.