நிவாரணத்துக்குப் பின் வேண்டிய ஆட்கள்

புயலோ வெள்ளமோ பூகம்பமோ நேர்ந்த மறுநாள் உதவிக்கு ஆள் குறைவதில்லை. அரிசியும் துணியும் வந்து குவிகின்றன. மருத்துவர்களும் தொண்டர்களும் நாலா திசைகளிலிருந்தும் ஓடி வருகின்றனர். சில மாதங்கள் சென்றதும் அவர்கள் தத்தம் ஊர் திரும்பிவிடுகின்றனர். வீடு கட்டுதல், தறியை மறுபடி நிறுத்துதல், தோட்டம் வைத்தல், பழைய கடனுக்கு வழி காணுதல் ஆகிய காரியங்கள் அதன் பிறகே ஆரம்பமாகின்றன. அவற்றில் தேர்ந்த ஆட்களை ஆண்டுக்கணக்கில் ஊரில் நிறுத்தி வைப்பது எங்ஙனம்? நம் சங்கங்கள் முன்கூட்டியே சிந்திக்க வேண்டிய விஷயம் இது.

இதில் குஜராத்தின் கட்ச் ஜில்லா பெற்ற அனுபவம் நமக்கு நல்ல பாடம். 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் காலையில் நேர்ந்த பூகம்பத்தில் 13,800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; இலட்சக்கணக்கான வீடுகள் இடிந்தன. அடுத்த மாதமே மாநில அரசு, பேரிடர் வேலைகளுக்கென்று தனி ஆணையம் ஒன்றை நிறுவியது. பெரும்பாலான குடும்பங்கள் தம் வீட்டைத் தாமே கட்டிக்கொள்ளும் முறையை ஏற்றன. உதவித் தொகை தவணைகளாக அளிக்கப்பட்டது. வேலையை இஞ்சினீயர் பார்வையிட்டுச் சான்று தந்தால்தான் அடுத்த தவணை கிடைக்கும். ஆகவே, ஓர் இஞ்சினீயர் குறைந்தால் பல குடும்பங்கள் பாதிச் சுவரோடு காத்திருக்க நேரும்.

கொத்தனார் விஷயமும் அத்தகையதே. கல்லும் மண்ணும் கொண்டு சுவர் எழுப்பிப் பழகிய கைகள், கம்பியிட்ட கான்கிரீட் பட்டையை அஸ்திவார மட்டத்திலும் வாசலுக்கு மேலும் சுவரைச் சுற்றி ஓட்டவும், மூலைகளில் நெடுங்கம்பி நிறுத்தவும் கற்க வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான கொத்தனார்களுக்கு அப்பயிற்சி அளிக்கப்பட்டது. வெளியூர் நிபுணர் திரும்பிச் சென்ற பின்னரும் அவ்வித்தை ஊரிலேயே தங்கியது.

பணம் எவ்வளவு, யாரிடம் மனுக் கொடுப்பது என்று மக்களுக்கு எடுத்துரைக்கவும் ஆட்கள் வேண்டுமல்லவா? 1998-ஆம் ஆண்டுப் புயலை அடுத்துத் தொண்டு நிறுவனங்கள் ஒன்றுகூடிக் கட்ச் நவ நிர்மாண் அபியான் என்ற அமைப்பை ஏற்படுத்தியிருந்தன. பூகம்பம் வந்தபோது அது கலையாமல் இருந்தமையால், கிராமத் தொகுதிகள்தோறும் ‘சேது’ என்ற நிலையங்களைத் திறக்க இயன்றது. பெயருக்கேற்ப அவை அரசுக்கும் கிராமத்துக்கும் பாலமாயின.

தொழில் அறிவு உள்ளூரில்தான் உண்டு என்பதற்கும் அங்கே சான்று இருக்கிறது. தமட்கா கிராமத்தின் அஜ்ரக் அச்சுத் தொழிலாளர்கள், பூகம்பத்துக்குப் பின் கிணற்று நீரில் இரும்புச் சத்து மிகுந்து சாயத்தைக் கெடுப்பதை உணர்ந்தனர். அவர்களுள் பலர் புஜ் நகருக்கு அருகே அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரை அமைத்துக் குடியேறினர். வீட்டை மட்டும் கணக்கிடும் அதிகாரி, சாயத்துக்கேற்ற தண்ணீரைக் கணக்கிட மாட்டார். அதனை அறிந்தவர் ஆலோசனைக் குழுவில் அமர்ந்திருக்க வேண்டும்.

விவசாயிகளுக்கு இக்காலம் இன்னும் நீண்டது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. நெட்டை ரகக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை ஊடுபயிர், நோய்த் தடுப்பு, கடன் தவணை ஆகியவற்றில் யோசனை சொல்ல ஒருவர் அருகில் இருப்பது அவசியம்.

“நிவாரணப் பணத்தில் சிப்பந்திக்குச் சம்பளமா?” என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமே. ஆனால் சான்று பெறாத தவணையும் தவறாக எழும்பிய சுவரும் அச்சம்பளத்தினும் அதிகச் செலவு வைப்பவை. கணக்கை மகாசபையில் ஒளிவின்றி வைத்தால் சந்தேகத்துக்கு இடமிராது.

ஆதலின், ஒவ்வொரு சங்கமும் மூன்று காரியங்களை இப்போதே செய்யலாம். தறி செப்பனிடுவோர், சாயமிடுவோர், கொத்தனார், கணக்கெழுதுவோர் ஆகியோரின் ஜாபிதாவைத் தயாரித்து ஆண்டுதோறும் திருத்த வேண்டும். அங்கத்தினர் பதிவேடுகளின் நகலை வேற்றூரில் பத்திரப்படுத்த வேண்டும். ஆபத்து நேர்ந்தால் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு முழுநேர ஊழியர் ஒருவரை நியமிக்கவும், அவரிடம் உள்ளூர் இளைஞர் இருவர் பயிலவும் தீர்மானம் இயற்றி வைக்க வேண்டும். அடுத்த மகாசபையில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.